குழந்தைகளோடு கப்பல் பயணம்: கேபின்களுக்கு நடுவே கதவு வேண்டுமா, வேண்டாமா?

மூன்று கப்பல் பயணங்களில் மூன்று விதமாகத் தங்கிப் பார்த்துவிட்டோம். முதல் முறை நால்வரும் ஒரே கேபினில். அடுத்த முறை நடைபாதையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கேபின்கள். போன முறை நடுவில் இணைப்புக் கதவு வைத்த இரண்டு கேபின்கள். மகளுக்கு இப்போது ஆறு வயது, மகனுக்கு மூன்று. அடுத்த பயணத்துக்கும் கதவு வைத்த ஜோடியைத்தான் பதிவு செய்திருக்கிறேன். ஆனால் முதல் பயணத்தில் எங்கள் தூக்கத்தைக் கெடுத்ததும் அதே மாதிரி ஒரு கதவுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கேபினில் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு ஒடுக்கமான கதவு இருந்தது. துணி வைக்கும் அலமாரி என்று நினைத்து இழுத்துப் பார்த்தோம், திறக்கவில்லை. சரி, பூட்டியிருக்கிறது என்று விட்டுவிட்டோம். இரவு பத்து மணிக்கு மேல்தான் விஷயம் புரிந்தது. அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து டிவி சத்தம் வந்தது. முணுமுணுப்பாகக்கூட இல்லை, செய்தி வாசிப்பவரின் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. எப்படியோ தூங்கிப்போனோம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, அப்போது ஒரு வயது தாண்டியிருந்த மகன் எழுந்து தவழ்ந்து போய், பிளாஸ்டிக் கோப்பையால் அதே கதவைத் தட்ட ஆரம்பித்தான். நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் அந்தப் பக்கமிருந்து மெதுவாக இரண்டு தட்டு.

காலை உணவுக்குப் போகும்போது பக்கத்துக் கேபின் தம்பதியை லிப்ட் வாசலில் பார்த்தோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அந்த அம்மா என் மகனின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "நீதானா அது?" என்று சிரித்தார். கோபமே இல்லை. ஆனால் அவர் கணவரின் கண்கள் சிவந்திருந்தன. அன்றிலிருந்து பயணம் முடியும்வரை, மகன் விழித்த உடனே என் கணவர் அவனைத் தூக்கிக்கொண்டு திறந்த தளத்துக்குப் போய்விடுவார். ஏழு மணிவரை குளிர்காற்றில் நடந்துகொண்டே இருப்பார். விடுமுறை என்று போய் ஒருவர் தூக்கத்தை மொத்தமாக விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். கப்பல் கேபின் சுவர் செங்கல் சுவர் இல்லை. மெல்லிய எஃகுத் தகடுகள் இரண்டுக்கு நடுவே கனிமக் கம்பளி (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு மாதிரியான பொருள்) அடைத்த பலகைதான். நெருப்புப் பிடிக்கக் கூடாது, எடை கூடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். கேட்கும்போது பயமாக இருந்தாலும் இந்தப் பலகை சத்தத்தை ஓரளவு நன்றாகவே தடுக்கும். பல புதிய கப்பல்களில் கேபின்களைத் தனித்தனிப் பெட்டிகளாகத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து உள்ளே தள்ளிப் பொருத்துகிறார்கள். அங்கே இரண்டு கேபின்களுக்கு நடுவில் இரண்டு பலகையும் இடைவெளியும் கிடைக்கும்.

கதவு வந்தால் கணக்கு மாறுகிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2012இல் கப்பல் இரைச்சலுக்கு ஒரு விதித் தொகுப்பு கொண்டுவந்தது, 2014 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. கப்பல் ஊழியர்களின் தூக்கத்தையும் காதுகளையும் காக்க எழுதப்பட்டது அது. பயணிகள் கேபினை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் ஒப்பிட நல்ல அளவுகோல். அதன்படி கேபினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள சுவர் குறைந்தது 35 டெசிபெல் தடுக்க வேண்டும். நடுவே இணைப்புக் கதவு இருந்தால் 30 தடுத்தால் போதும். கதவு இருந்தால் சத்தம் கூடுதலாகக் கசியும் என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது.

ஐந்து டெசிபெல்தானே என்று தோன்றும். குழந்தை வீறிட்டு அழும்போது அறைக்குள் 90 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 கழித்தால் 60. எதிரே உட்கார்ந்து ஒருவர் சாதாரணமாகப் பேசும் அளவு அது. தோராயக் கணக்குதான், சத்தத்தை இப்படி நேராகக் கழித்துவிட முடியாது. அதுபோக, 35, 30 என்பதெல்லாம் சோதனைக்கூடத்தில் அளப்பவை. கடலில் ஆடி ஆடி ஓடும் கப்பலில் கதவின் ரப்பர் தேய்ந்து, அடியில் ஒரு விரல் நுழையும் இடுக்கு விழுந்திருந்தால் தடுப்பு இன்னும் குறையும். சத்தத்துக்குச் சின்ன இடுக்கு போதும், தண்ணீர் மாதிரி வழிந்து வந்துவிடும்.

சரி, அப்படியானால் நான் ஏன் கதவு உள்ள ஜோடியைத் தேர்ந்தெடுத்தேன்? அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அங்கே முன்பின் தெரியாதவர்கள் இருந்தால் அவர்கள் டிவி நமக்கு, நம் குழந்தையின் அழுகை அவர்களுக்கு. அங்கே இருப்பது நம் குழந்தையே என்றால் அந்தக் கசிவுதான் நமக்கு வேண்டியது. இரவில் மகன் இருமினால் எனக்குக் கேட்க வேண்டும். மகள் "அம்மா" என்று கூப்பிட்டால் கேட்க வேண்டும். ஜோடி முழுவதையும் நாமே எடுத்துக்கொண்டால், சத்தம் கசியும் பக்கத்தில் நாமும், வெளியாட்கள் இருக்கும் மற்றப் பக்கங்களில் சாதாரணச் சுவரும் இருக்கும்.

போன பயணத்தில் அப்படித்தான் செய்தோம். பகலெல்லாம் கதவு முழுசாகத் திறந்திருக்கும், குழந்தைகளுக்கு ஓடி விளையாட இரண்டு அறை. இரவு எட்டு மணிக்கு இருவரையும் படுக்க வைத்துவிட்டுக் கதவை நாலு விரல் இடைவெளிக்குச் சாத்துவோம். அது ஆடிச் சாத்திக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு செருப்பு. இந்தப் பக்கம் விளக்கைப் போட்டுக்கொண்டு நானும் கணவரும் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டிருந்தோம். முதல் பயணத்தில் இதே நேரத்தில் இருட்டில், செல்போன் வெளிச்சத்தைக்கூடப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு படுத்திருந்தோம். நடு இரவில் குழந்தைகளில் ஒருவர் விழித்தால் எங்களில் ஒருவர் அந்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வோம், மற்றவர் தூங்கலாம். காலை ஐந்தரைக்கு மகன் எழுந்தால் கதவைச் சாத்திவிட்டு அந்த அறையிலேயே விளையாட வைப்போம். அந்த வாரம் ஒருநாள்கூட யாரும் சுவரைத் தட்டவில்லை. லிப்டில் எதிர்ப்பட்டவர்கள் முகத்தைப் பார்க்கவும் கூச்சமாக இல்லை.

செலவு கூடும், மறுக்கவில்லை. ஒரே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைந்த கட்டணம்தான். இரண்டு கேபின் என்றால் நால்வருக்கும் முழுக் கட்டணமே வரும். பால்கனியை விட்டுவிட்டு, ஜன்னல் இல்லாத இரண்டு உள் கேபின்களை எடுத்துச் சமாளித்தோம். குழந்தைகள் தூங்குவதற்கு அந்தக் கும்மிருட்டு வசதியாகவே இருந்தது. பால்கனி இல்லாத குறையை நான் உணர்ந்தேன், அவர்கள் உணரவில்லை.

எதிரெதிர் கேபின்கள் எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒரு கேபினில் நானும் மகனும், எதிர்ப்பக்கம் கணவரும் மகளும். அந்தந்த அறைக்குள் தூக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடைபாதைப் பக்கக் கதவும் இணைப்புக் கதவு அளவுக்குத்தான் சத்தத்தைத் தடுக்கும். மேற்சொன்ன விதியில் அதற்கும் 30தான். இரவு ஷோ முடிந்து திரும்புகிறவர்களின் சிரிப்பு, பெட்டி உருட்டும் சத்தம், கதவுகள் தாமாகவே டமார் என்று மூடிக்கொள்வது எல்லாம் உள்ளே வரும். அதே சமயம் எதிர்க் கேபினில் குழந்தை அழுதால் இரண்டு கதவைத் தாண்டி நம் காதுக்கு எட்டாது. அதனால் ஆளுக்கொரு குழந்தையோடு பிரிந்துதான் படுக்க வேண்டும். கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச அந்த வாரம் முழுக்க நேரமே வாய்க்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்து, தாங்களே கதவைத் திறந்து வரும் வயதில் இது நன்றாக இருக்கலாம். அந்த வயதை எங்கள் வீட்டில் இன்னும் யாரும் எட்டவில்லை.

ஒரே கேபின்தான் கட்டுபடியாகும் என்றால் அதையும் தாராளமாக எடுக்கலாம். ஆனால் இணைப்புக் கதவு இல்லாத கேபினாகப் பார்த்து எடுங்கள், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். டெக் பிளானில், அதாவது கப்பலின் தள வரைபடத்தில், இரண்டு கேபின்களுக்கு நடுவே சின்ன முக்கோணமோ இருபக்க அம்புக்குறியோ இருந்தால் அங்கே கதவு இருக்கிறது என்று அர்த்தம். கப்பலுக்குக் கப்பல் குறி மாறும், படத்தின் ஓரத்தில் விளக்கம் இருக்கும். சிக்கல் என்னவென்றால், மூன்று நான்கு பேர் படுக்கக்கூடிய கேபின்களில் பலவற்றுக்கு இந்தக் கதவும் சேர்ந்தே வருகிறது, ஏனென்றால் குடும்பங்களை நினைத்துத்தான் இரண்டையும் வைக்கிறார்கள். கதவில்லாத நால்வர் கேபின் சீக்கிரம் தீர்ந்துவிடும். எண்ணை நாமே தேர்ந்தெடுக்காமல், விலை குறைவு என்று கம்பெனி கொடுக்கும் கேபினை ஏற்றுக்கொள்ளும் திட்டங்களும் உண்டு. கைக்குழந்தை இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். எங்கள் முதல் கேபின் அப்படி வந்ததுதான்.

கதவுள்ள கேபின்தான் வாய்த்தது, அந்தப் பக்கம் வேறு யாரோ என்றால், குளியல் துண்டை இறுக்கிச் சுருட்டிக் கதவின் அடியிடுக்கில் அழுத்தி வையுங்கள். எங்கள் கேபினைச் சுத்தம் செய்ய வந்த பணியாளர்தான் மூன்றாம் நாள் சொல்லிக்கொடுத்தார், ஒரு கனமான போர்வையும் கொண்டுவந்து தந்தார். டிவியின் பேச்சு வெறும் முணுமுணுப்பாகக் குறைந்தது. குழந்தையின் அழுகை குறைந்ததா என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்தான் சொல்ல வேண்டும். தொட்டிலை அந்தக் கதவிலிருந்து தள்ளிப் போடுவதும் உதவும்.

தனிப் படுக்கையறை உள்ள பெரிய சூட் (suite) கேபினில் நாங்கள் தங்கியதில்லை, அதனால் அதை ஒப்பிடவில்லை. சில கப்பல்களில் இணைப்புக் கதவு ஒன்றுக்குப் பதில் இரண்டாக, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். இரண்டையும் சாத்தினால் சத்தம் நன்றாகக் குறைய வேண்டும், எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஒற்றைக் கதவுதான்.

கேபின் எந்த இடத்தில் என்பதில் பெரும்பாலோர் அறிந்ததுதான்: மேலேயும் கீழேயும் கேபின்களே உள்ள தளமாகப் பாருங்கள். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே வேண்டாம், விடியும் முன்பே மேலே நாற்காலிகளை இழுப்பார்கள். முன்பக்கக் கீழ்த்தளமும் வேண்டாம். துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் எந்திரங்கள் முன்முனையில் இருக்கின்றன, அதிகாலையில் அவை ஓட ஆரம்பித்தால் கட்டிலே அதிரும். அப்புறம் அந்த உறிஞ்சும் கழிவறை. அது எல்லாக் கேபினிலும் இருக்கிறது, எங்கே போனாலும் தப்ப முடியாது. முதல் முறை அதன் சத்தம் கேட்டு மகள் அலறிவிட்டாள். இரவில் மூடியைச் சாத்திவிட்டு அழுத்துங்கள், சத்தம் கொஞ்சமாவது குறையும்.

ஜோடிக் கேபின் எடுப்பவர்களுக்குப் பதிவில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. பல கம்பெனிகள் ஒவ்வொரு கேபினிலும் பெரியவர் ஒருவர் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கும். அதனால் நான் மகளோடு ஒன்றிலும் அவர் மகனோடு இன்னொன்றிலுமாகப் பெயர் கொடுத்தோம். கப்பலில் ஏறியதும் வரவேற்பு மேசையில் இரண்டு கேபினுக்கும் மாற்றுச் சாவி அட்டை வாங்கிக்கொண்டோம். இணைப்புக் கதவை நாமாகத் திறக்க முடியாது, பணியாளர்தான் வந்து திறந்துவிட வேண்டும். முதல் நாள் மதியம் எல்லோரும் ஒரே நேரத்தில் அவரைக் கூப்பிடுவார்கள். பெட்டிகள் வரட்டும் என்று காத்திருக்காமல் கேபினுக்குள் நுழைந்த உடனே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லத் தாமதித்ததில் அன்று மாலை ஆறு மணிவரை மகன் அந்தக் கதவு முன்னாலேயே உட்கார்ந்து, அடியிடுக்கு வழியாக அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளும் அந்தப் பக்கம் தரையில் படுத்துக்கொண்டு பதில் சொன்னாள். அவள் குரல் துல்லியமாகக் கேட்டது.