பி.எட். இடம் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் அசல் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள்

எங்கள் மாவட்டத் தலைநகரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் இயங்கும் கல்விச் சேர்க்கை ஆலோசனை மையம், அண்டை மாநிலத்தில் உள்ள ஒரு கல்வியியல் கல்லூரியில் என்னைப் பி.எட். படிப்பில் சேர்த்துவிட்டதாகச் சொல்லி 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டது. அந்தக் கல்லூரியின் மாணவர் பட்டியலில் என் பெயரே இல்லை என்பது இந்த வாரம்தான் தெரிந்தது. பணத்தோடு என் எம்.எஸ்சி. பட்டச் சான்றிதழும் அவர்களிடம் சிக்கியிருக்கிறது. புகார் நிலுவையில் இருக்கும்போது பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருப்பதால் மையத்தின் பெயரை இங்கே தரவில்லை. சேருமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நான் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துவருகிறேன். பி.எட். இல்லாதவர்களை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று தாளாளர் சொல்லிவிட்டார். முன்பு ஓராண்டில் முடிந்த பி.எட்., 2015-16ஆம் கல்வியாண்டு முதல் இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. இரண்டு ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் கல்லூரிக்குப் போய்வர என் குடும்பத்தால் இயலாது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தொலைநிலையில் பி.எட். நடத்துகின்றன என்றாலும், அவை ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கானவை. நேரடியாகப் பட்டம் முடித்துவிட்டு வேலையில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த வழி கிடையாது. இந்த இடுக்கில்தான் சேர்க்கை மையங்கள் கடை விரிக்கின்றன.

அந்த மையத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். பேச்சும் அப்படித்தான் இருந்தது. நான் கணக்கு என்றதும், பத்தாம் வகுப்பில் எந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று விசாரித்தார். வடிவியலை எப்படி நடத்துகிறேன் என்று கேட்டார். என் மதிப்பெண் பட்டியல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களை மாதிரிப் பிள்ளைங்கதாம்மா இந்த வேலைக்கு வரணும். சனி, ஞாயிறு மட்டும் கிளாஸ், ஆனா பட்டத்துல ரெகுலர்னுதான் இருக்கும்" என்றார். முன்பு சேர்ந்தவர்களின் செய்முறைப் பதிவேடுகள் என்று ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார். பாடத் திட்டங்கள் ஒழுங்காக எழுதப்பட்டு, பக்கத்துக்குப் பக்கம் வழிகாட்டி ஆசிரியரின் சிவப்பு மைக் கையெழுத்தோடு இருந்தன. ஒரு ஆசிரியையின் கண்ணில் எது நம்பிக்கையைத் தரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

முதலில் 50,000 ரூபாயை ரொக்கமாகக் கட்டினேன். கல்லூரியில் சரிபார்த்துவிட்டு ஒரு மாதத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லி அசல் பட்டச் சான்றிதழை ஒரு பச்சைக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். மீதி 35,000 ரூபாயை, கல்லூரிக் கணக்கில் ஏதோ தணிக்கை நடப்பதாகச் சொல்லி, ஒரு தனிநபரின் எண்ணுக்கு ஜிபே மூலம் அனுப்பச் சொன்னார்கள். ஆக மொத்தம் 85,000 ரூபாய். அவர்கள் தந்த ரசீதில் மையத்தின் முத்திரை பெரிதாக விழுந்திருந்தது. அந்த ஊதா மைக்குக் கீழே பாதி மறைந்திருந்த வரியில் 'கல்விக் கட்டணம்' என்று இல்லை, 'ஆலோசனைக் கட்டணம்' என்று இருந்தது. அதுவும் முதல் 50,000 ரூபாய்க்கு மட்டும்தான்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. வகுப்பு எப்போது என்று கேட்டால் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை ஒப்புதல் தாமதம் என்றார்கள். பதிவு எண் கேட்டால் சர்வர் வேலை செய்யவில்லை. சான்றிதழைக் கேட்டால் அது கல்லூரிக்குப் போயிருக்கிறது. கல்லூரியில் கேட்கிறேன், தொலைபேசி எண் தாருங்கள் என்றால், "நீங்க நேரா பேசினா சீட் கேன்சல் ஆயிடும்மா" என்று வரவேற்பில் இருக்கும் பெண் மிரட்டினார். ஐயா மீட்டிங்கில் இருக்கிறார், ஐயா வெளியூர் போயிருக்கிறார் என்பதுதான் கடைசி சில மாதங்களாகக் கிடைத்த பதில். வடிவியல் பற்றி அவ்வளவு பரிவோடு பேசிய மனிதர் என் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் அந்தப் பெண் எழுதி முடித்த ஒரு செய்முறைப் பதிவேட்டைக் கொடுத்து, இதைப் பார்த்து அப்படியே எழுதிக் கொண்டுவந்தால் போதும், கையெழுத்தெல்லாம் நாங்களே போட்டுக்கொள்வோம் என்றார். நுண்ணிலைக் கற்பித்தல் என்ற தலைப்பின் கீழ், ஒரு மாணவி ஏழு நிமிடம் வகுப்பெடுத்ததாகவும், சக மாணவர்கள் குறை நிறை சொன்னதாகவும், திருத்திக்கொண்டு மறுபடி எடுத்ததாகவும் அதில் எழுதியிருந்தது. அப்படி எதுவும் நடக்கவே இல்லை. வழிகாட்டி ஆசிரியர், தலைமையாசிரியர், கல்லூரி முதல்வர் ஆகிய மூவரின் கையெழுத்தும் ஒரே சாய்வில், ஒரே கையால் போடப்பட்டிருந்தன. நாற்பது பிள்ளைகளின் முன்னால் சாக்பீஸோடு நிற்கப் பழகுவதுதானே இந்தப் படிப்பு? அதை எடுத்துவிட்டு வெறும் காகிதத்தை விற்கிறார்கள்.

அன்று இரவே விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பி.எட். படிப்புக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலைநாட்கள் வேண்டும். வகுப்புகளுக்கும் செய்முறைகளுக்கும் 80 சதவீத வருகையும், பள்ளியில் பெறும் கற்பித்தல் பயிற்சிக்கு 90 சதவீத வருகையும் கட்டாயம். இரண்டாம் ஆண்டில் மட்டும் 16 வாரங்கள் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும். ஓர் ஆண்டின் எல்லாச் சனி, ஞாயிறுகளையும் கூட்டினாலும் சுமார் 104 நாட்கள்தான் வரும். வாரக் கடைசியில் மட்டும் வந்து நேரடி பி.எட். முடிப்பது என்பது கணக்கிலேயே உதைக்கிறது. கல்லூரியின் எண்ணை நானே தேடிப் பிடித்து அழைத்தேன். வாரக் கடைசி வகுப்பு என்று எதுவும் நடத்துவதில்லை, உங்கள் பெயரில் சேர்க்கையும் இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

மையத்துக்கு நேரில் போய் 85,000 ரூபாயையும் சான்றிதழையும் கேட்டபோது, ஆலோசனைக் கட்டணம் திரும்பத் தரப்படாது என்று ரசீதின் பின்புறத்தைக் காட்டினார்கள். சான்றிதழை மீட்டுத் தருவதற்கு 10,000 ரூபாய் 'நடைமுறைச் செலவு' ஆகும் என்றார்கள். என்னிடமிருந்து வாங்கிய என் சான்றிதழை என்னிடமே விலை பேசுகிறார்கள்! மாணவர்களின் அசல் சான்றிதழ்களை உயர்கல்வி நிறுவனங்களே பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. பேருந்து நிலைய மாடியில் இருப்பவர்களுக்கு அந்த உரிமையை யார் கொடுத்தார்கள்? சான்றிதழ் தொலைந்துவிட்டதாகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளும்படி சிலர் யோசனை சொல்கிறார்கள். அது தொலையவில்லை, எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பொய் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

படித்தவள் எப்படி ஏமாந்தாய் என்று கேட்கிறார்கள். இந்த வலை படித்தவர்களுக்காகவே விரிக்கப்பட்டது. பட்டம் முடித்து, வேலையிலும் இருந்து, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர்களைத் தவிர வேறு யார் அந்த மாடிப்படி ஏறப் போகிறார்கள்? இவர்கள் சொன்னபடியே ஒரு பட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாலும், அரசுப் பணியில் சேரும்போது உண்மைத்தன்மைச் சான்று கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போகும் நாளில் வேலையும் மானமும் சேர்ந்தே போயிருக்கும்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க வேண்டிய மனு இன்னும் முடியாததால், விரிவாக எழுத நேரமில்லை. கல்லூரிக்கு என்.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி என்றால் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலிலும் பாருங்கள். கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு மட்டும் பணம் கட்டுங்கள். வகுப்புக்கு வர வேண்டாம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். இதே மையத்தில் கட்டியவர்கள் முத்திரைக்குக் கீழே உள்ள வரியைப் படித்துப் பாருங்கள். 'ஆலோசனைக் கட்டணம்' என்றிருந்தால் ரசீதை நகல் எடுத்துக்கொண்டு நாளைக்கே போய்ச் சான்றிதழைக் கேளுங்கள்.