ஏரோசாலுக்கு ஈரமூட்ட நாஃபியானா, ஈர–உலர் கலப்பா?

எச்டிடிஎம்ஏ என்பது காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் (ஏரோசால்) ஈரத்தில் எவ்வளவு பருக்கும் என்று அளக்கும் கருவி. அதில் இரண்டு டிஎம்ஏக்கள், அதாவது மின்புலத்தால் துகள்களை அளவுவாரியாகப் பிரிப்பவை. முதல் டிஎம்ஏ உலர்ந்த துகள்களில் ஒரே அளவுள்ளவற்றைப் பிரித்துத் தரும். அவை ஈரம் குடித்து எவ்வளவு பருத்தன என்று இரண்டாவது டிஎம்ஏ காட்டும். 100 நானோமீட்டர் அம்மோனியம் சல்ஃபேட் துகளின் விட்டம் 90% ஈரப்பதத்தில் சுமார் 1.7 மடங்காகும். ஈரப்பதம் 2% பிசகினால் இந்த மடங்கு ஏறக்குறைய 0.1 நகரும்.

துகள் வரும் மாதிரிக் காற்றுக்கு நாஃபியான் (நீராவியைக் கடத்தும் சவ்வு) குழாய்தான். ஈரக்காற்றைக் கலந்தால் துகள்கள் நீர்த்து எண்ணிக்கை குறைந்துவிடும். நாஃபியானுக்கும் ஒரு குறை உண்டு: தண்ணீரோடு அம்மோனியா, அமீன், ஆல்கஹால் ஆவிகளும் சவ்வைக் கடக்கும்.

உண்மையான போட்டி உறைக்காற்றில், அதாவது டிஎம்ஏவுக்குள் மாதிரியைச் சூழ்ந்து ஓடும் துகளற்ற காற்றில். துகள் அளக்கப்படுவது அதன் நடுவில் மிதக்கும்போதுதான். மாதிரியின் 10 மடங்கு ஓட்டமும் அதற்கே.

கலப்பு முறையில் பப்ளர் (தண்ணீருக்குள் காற்றைக் குமிழவிடும் கலம்) வழி வரும் ஈரக்காற்றையும் உலர்காற்றையும் இரு மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர்கள் (ஓட்டத்தின் அளவைக் கட்டுப்படுத்துபவை) சேர்க்கும். விகிதத்தை மாற்றினால் ஈரப்பதமும் உடனே மாறும். 40-லிருந்து 90 வரை படிப்படியாக ஏற்றிப் பார்க்க இதுவே வசதி. ஆனால் கணக்கை நம்பக் கூடாது. ஆவியாதலில் பப்ளர் குளிர்ந்து 97% மட்டுமே தந்தால், 9 லிட்டர் ஈரக்காற்று, 1 லிட்டர் உலர்காற்றுக் கலவை 90 அல்ல, சுமார் 87%. 20 லிட்டர் கன்ட்ரோலரில் முழு அளவின் 1% பிழை என்றால் 0.2 லிட்டர்; 10 லிட்டர் ஓட்டத்தில் உலர்காற்றுப் பக்கம் அது நேர்ந்தால் அது மட்டுமே சுமார் 2% ஈரப்பதம். பப்ளர் தெறிக்கும் துளிகள் காய்ந்தால் பொய்த் துகள்கள், எனவே பின்னால் ஹெப்பா வடிகட்டி கட்டாயம்.

உறைக்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் மூடிய சுற்றில் நாஃபியான் வைத்தால், சுற்றும் நீரின் வெப்பநிலையே ஈரப்பதத்தைத் தீர்மானிக்கும். மெதுவாகத்தான் நகரும், ஆனால் நிலைத்து நிற்கும். 90-இல் மாதக்கணக்கில் ஓட வேண்டிய நிலையத்துக்கு இதையே பரிந்துரைப்பேன். ஊதுவிசிறி காற்றைச் சூடாக்குவதால் அதன்பின் வெப்பமாற்றி வேண்டும்.

எதை எடுத்தாலும் வெப்பநிலைதான் காலை வாரும். 90%-இல் டிஎம்ஏ 1 டிகிரி குளிர்ந்தால் ஈரப்பதம் 95 தாண்டும். இரண்டாவது டிஎம்ஏவையும் ஈரமூட்டியையும் ஒரே காப்புப் பெட்டிக்குள் வையுங்கள். கண்ணாடிப் பனிநிலைமானியை (குளிர்ந்த கண்ணாடியில் பனி படியும் வெப்பநிலையை அளப்பது) உறைக்காற்று வெளியேறும் வாயில் பொருத்தி, அங்குள்ள வெப்பநிலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். மின்தேக்கி ஈரப்பத சென்சர் உயர் ஈரத்தில் எளிதில் 1–2% தவறும். சோதனைக்கு அம்மோனியம் சல்ஃபேட் போதும், சுமார் 80%-இல் துகள் ஈரம் குடித்துக் கரைந்து திடீரெனப் பருக்க வேண்டும். முதல் டிஎம்ஏவுக்கு முன் 30%-க்குக் கீழே உலர்த்துங்கள். 40%-இல் நிறுத்தினால் அந்த உப்பு படிகமாகாமல் கரைசலாகவே இருந்துவிடும், கரையும் தாவலே தெரியாது.