எஞ்சின் வேலை: வீட்டிலா, கராஜிலா?

100 முதல் 150 சிசி வரையான பைக்குக்கு ஒயில் மாற்ற, அரைநாள் கராஜில் காத்துக் கிடப்பது வீண். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஒருமுறை போனால் ஒயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஒயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கான வாஷர் எல்லாம் வாங்கிவிடலாம். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டால் ஒயில் இளகி நன்றாக இறங்கும். போல்ட்டைத் திருப்பிப் பூட்டும்போதுதான் கவனம் வேண்டும். எஞ்சின் உடல் அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். முதலில் விரலால் சுற்றுங்கள், அப்புறம் ஸ்பானர்.

பிளக்கையும் எஞ்சின் ஆறியபின் நீங்களே கழற்றிப் பார்க்கலாம். நுனி மண்ணிறமாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஒயில் பிசுக்கோடு கறுத்திருந்தால், கூடவே நீலப் புகையும் வந்தால், ஒயில் உள்ளே கசியாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கலாம்.

அதற்குமேல் வீட்டில் கை வைக்காதீர்கள். சிலிண்டரை அளக்கவும் போர் பண்ணவும் (உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்கவும்) கருவியும் லேத்தும் வேண்டும். டைமிங் செயின் சத்தமா, வால்வை இயக்கும் டெப்பட்டின் சத்தமா என்று காதாலேயே பிரிக்கும் மெக்கானிக் பாஸுக்குக் கொடுக்கும் கூலி நியாயமானதுதான். ஆனால் பக்கத்தில் நில்லுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்வாசிகளுக்கு இடம்தான் சிக்கல். பார்க்கிங்கில் ஒயில் சிந்தினால் வாட்ச்மேன் சும்மா விடமாட்டார். கழிவு ஒயிலை வடிகானில் ஊற்ற வேண்டாம். போத்தலில் அடைத்து, அதைச் சேர்த்து வைக்கும் கராஜில் கொடுத்துவிடுங்கள்.