சேலம் டூ சென்னை: நம் பெர்த் நமக்கே கிடைப்பது எந்த வண்டியில்?

எஸ்4 பெட்டி, 33-ஆம் எண், கீழ் பெர்த். கன்ஃபர்ம் ஆன டிக்கெட். மதியம் சேலம் ஜங்ஷனில் வண்டி வந்து நின்றபோது அந்தப் பெட்டியின் படியிலேயே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி சில நிமிடம்தான் நிற்கும். பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, அம்மாவைக் கையில் பிடித்தபடி முண்டியடித்து உள்ளே போனால் எங்கள் பெர்த்தில் ஆறு பேர். நடைபாதையில் துண்டு விரித்து இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் வலியோடு அம்மா வாஷ்பேசின் பக்கத்தில் யாருடைய மூட்டை மேலோ உட்கார்ந்து வந்தார். பொம்மிடி தாண்டிய பிறகு ஒரு பையன் இந்தியில் "மாஜி" (அம்மா) என்று கூப்பிட்டு, தான் எழுந்து நின்று இடம் கொடுத்தான்.

அது கேரளாவில் கிளம்பி வடக்கே வெகுதூரம் போகிற வண்டி. இடம் பிடித்திருந்த அந்த வடமாநிலப் பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஊர் போய்ச் சேர அவர்களுக்கு இரண்டு ராத்திரி ஆகும். முன்பதிவில்லாத பெட்டிகளோ விரல் விட்டு எண்ணிவிடலாம். திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஏறுகிற கூட்டம் அதில் எப்படி அடங்கும்? முன்பதிவு இடத்தை விட்டு எழ மறுத்தால் 500 ரூபாய் வரை அபராதம் என்று 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 155-ஆம் பிரிவு சொல்கிறது. டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) பெட்டிக்குள் நடக்கவே வழியில்லாதபோது அந்தப் பிரிவால் அம்மாவுக்கு என்ன பயன்?

அன்றிலிருந்து நேரம், கட்டணம் பார்ப்பதற்கு முன்னால், வண்டி எங்கே கிளம்பி எங்கே முடிகிறது என்றுதான் பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்தால் ராத்திரிப் பயணத்துக்கு என் முதல் தேர்வு, விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் வண்டி. காரணம் எளிது: அது சேலத்திலேயே கிளம்புகிறது. காலி வண்டி பிளாட்பாரத்தில் நிற்கும். அம்மா ஒவ்வொரு படியாகக் கால் வைத்து ஏறலாம், போர்வை விரிக்கலாம், தண்ணீர் பாட்டில் வாங்கி வரலாம். நமக்கு முன்னால் ஏறி நம் இடத்தில் உட்கார ஆளே கிடையாது. ஆத்தூர், சின்னசேலம்காரர்களுக்கும் இதுதான் வசதி. தாம்பரத்திலும் மாம்பலத்திலும் இறங்கலாம் என்பதால் தென்சென்னைக்குப் போகிறவர்களுக்கு விடிகாலை ஆட்டோ செலவும் குறையும்.

அடுத்தது ஏற்காடு எக்ஸ்பிரஸ். ஈரோட்டில் கிளம்பி சென்ட்ரலில் முடிகிற வண்டி, அதனால் நெடுந்தூரக் கூட்டம் சேர வழியில்லை. பண்டிகை நாட்களை விட்டுவிட்டால் நம்பிப் போகலாம். கோவையிலிருந்து வரும் சேரனும் இதே வகைதான், ஆனால் சேலம் வரும்போது பெட்டியில் எல்லோரும் விளக்கணைத்துத் தூங்கியிருப்பார்கள். நம் பெர்த்தில் யாராவது தெரியாமல் படுத்திருந்தால் எழுப்பத்தான் வேண்டும்.

பகலில் என்றால் வந்தே பாரத்துக்கும் கோவை எக்ஸ்பிரஸுக்கும்தான் போட்டி. 2023 ஏப்ரல் 8-இல் தொடங்கிய வந்தே பாரத்தில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது. சேலத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சென்ட்ரல். இடம் நமக்கே என்பதில் இதை மிஞ்ச வேறு வண்டி இல்லை. ஆனால் நாலு பேர் குடும்பமாகப் போனால் கட்டணம் கடிக்கும். கோவை எக்ஸ்பிரஸின் இரண்டாம் வகுப்பு இருக்கை அதில் சிறு பங்குக் காசுதான். சாதாரண நாளில் எனக்கு அதுவே போதும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம். மூன்று பேர் இருக்கையில் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று நாலாவது ஆள் வந்துவிடுவார், கால் நீட்ட முடியாது.

பஸ்ஸை மறக்கக் கூடாது. புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகப் போகும் அரசு விரைவுப் பேருந்தில் முன்பதிவு செய்துவிட்டால் அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார முடியாது. கண்டக்டரே எழுப்பிவிடுவார். ஆம்னியிலும் அப்படித்தான், பண்டிகை நேரத்துக் கட்டணம் மட்டும்தான் பயம். இடம் உறுதி என்ற ஒரே கணக்கில் பார்த்தால் ஸ்லீப்பர் வகுப்பைவிட பஸ்ஸுக்கே மதிப்பெண் கூட. ஆனால் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களை ஆறேழு மணி நேரம் கழிப்பறை இல்லாமல் கூட்டிப் போவது சரிவராது. எங்கள் வீட்டில் பஸ் எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான்.

நெடுந்தூர வண்டியைத் தவிர வேறு வழியில்லை என்றால் ஏசி பெட்டியில் போடுங்கள். அதுவும் முடியாதபோது, ஏறியவுடன் ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்து பிஎன்ஆர், பெட்டி, பெர்த் எண் மூன்றையும் சொல்லிவிடுங்கள். ஜோலார்பேட்டை வரை காத்திருந்து அப்புறம் அழைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயணம் முடிந்திருக்கும். அன்று நான் செய்த தவறு அது.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை அது 120 நாளாக இருந்தது. அம்மாவை மறுபடியும் சென்னையில் முழங்காலுக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. திறந்த அன்று காலையிலேயே எழும்பூர் வண்டியில் கீழ் பெர்த் போட்டுவிட்டேன்.