அரசு ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவு: சேரும் முன் ஸ்கிராப் தொட்டியைப் பாருங்கள்

எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். ஒரே ஆண்டுப் படிப்பு. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. செலவுக் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கை தேறுமா என்பதுதான் கேள்வி, அது ஐ.டி.ஐ.க்கு ஐ.டி.ஐ. மாறும்.

பாடத்திட்டத்தின் 1200 மணி நேரத்தில் செய்முறைக்கு 840. ஆர்க், கேஸ், கட்டிங், டிக் (ஆர்கான் வாயுவில் செய்யும் வெல்டிங்), சிஓடூ (கம்பிச் சுருள் ஊட்டிச் செய்வது) எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு பூத் (வெல்டிங் தடுப்பறை) என்றால் பாதி நேரம் வேடிக்கைதான். அதனால் சேரும் முன் பட்டறைக்குள் ஒருமுறை போய் ஸ்கிராப் தொட்டியைப் பாருங்கள். எரிந்து மிஞ்சிய ராடு (வெல்டிங் குச்சி) துண்டுகள் குவிந்திருந்தால் நல்லது. வளைத்துச் சோதித்த ஜாப் (பயிற்சித் துண்டு) கிடந்தால் இன்னும் நல்லது. அங்கே வாத்தியார் வெறும் பீட் (வெல்டின் மேல்வரி) அழகைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை.

ராடைக் காயவைக்கும் அடுப்பு (ஓவன்) இருக்கிறதா, சூடாகிறதா என்றும் கேளுங்கள். 7018 என்ற குறைந்த ஹைட்ரஜன் வகை ராடை 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரமாவது காயவைக்காமல் கொடுத்தால், ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டில் விரிசல் விடும். பழகும்போதே இதைப் பார்க்காதவர் வேலையில் சேர்ந்த பிறகும் திறந்த பாக்கெட்டிலிருந்துதான் ராடு எடுப்பார்.

தட்டையாக வைத்து அடிக்கும் பயிற்சி பெரும்பாலும் நன்றாகவே நடக்கிறது. 3.15 மி.மீ. பருமனுள்ள 6013 என்ற சாதாரண ராடு, 110 ஆம்பியர் அளவில் கரன்ட், ராடின் பருமன் அளவே ஆர்க் இடைவெளி. கரன்ட் குறைந்தால் ராடு ஒட்டும், ஏறினால் ஓரம் அரித்து அண்டர்கட் என்ற பள்ளம் விழும். பலர் சறுக்குவது 10 மி.மீ. பிளேட்டின் வி-குரூவில், அதாவது ஓரங்களைச் சரிவாகச் சீவி V வடிவில் சேர்க்கும் இணைப்பில். 60 டிகிரி கோணம், 2 முதல் 3 மி.மீ. இடைவெளி எல்லாம் சரியாக வைப்பார்கள். அடிக்க அடிக்கத் தகடு சுருங்கி மறுமுனை மூடிக்கொள்ளும், ரூட் (அடிப்பகுதி வெல்ட்) இறங்காது. முடிக்கும் முனையில் இடைவெளியைச் சற்று கூட்டி டேக் (பிடிப்புப் பொட்டு வெல்ட்) வைக்க வேண்டும். இதைச் சொல்லித்தரும் பட்டறைதான் பட்டறை.

பலவீனம் பைப்பில். திருச்சி பெல் (BHEL) பாய்லர் ஆலையைச் சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன் வேலைகளில் நல்ல கூலி 6ஜி என்ற வெல்டிங் நிலைக்குத்தான்: 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் பைப், ரூட் டிக்கில், மேலே 7018. ஓராண்டில் அந்தக் கை வராது. பாய்லர் வேலைக்கு ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிகள்) வெல்டர் தேர்வும் தனியாக எழுத வேண்டும். கேட், கிரில் பட்டறைக்கு இந்த ஓராண்டு தாராளம். பைப்புக்குப் போகிறவர் அப்ரண்டிஸ் (தொழிற்சாலைப் பழகுநர்) ஆண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து வந்த 4.0 (நவீனத் தொழில்நுட்ப) மையங்களின் ரோபோவைப் பார்த்து மயங்க வேண்டாம், அவை வேறு படிப்புகளுக்கு. போன ஆண்டு முடித்தவர்கள் எந்தப் பொசிஷனில் டெஸ்ட் கொடுத்து வேலைக்குப் போனார்கள் என்று வாத்தியாரிடம் கேளுங்கள். ‘3ஜி’ (நிமிர்ந்து நிற்கும் தகட்டில் செங்குத்தாக வெல்ட் செய்வது) என்று பதில் வந்தால் தயங்காமல் சேரலாம்.