பெரிய ட்ரம்முக்கு அடியில் ஜல்லி வேண்டுமா, வேண்டாமா?

200 லிட்டர் நீல ட்ரம்மைக் குறுக்கே வெட்டினால் மாடித் தோட்டத்துக்கு இரண்டு பெரிய தொட்டிகள் கிடைத்துவிடும். தண்ணீர் தேங்காமல் வடிய அடியில் என்ன போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. கருங்கல் ஜல்லியோ உடைந்த செங்கல்லோ போடச் சொல்வார்கள் சிலர், தேங்காய் மட்டை என்பார்கள் சிலர். எதுவுமே போடாமல் அடிமுதல் விளிம்புவரை ஒரே மண் கலவையை நிரப்புவது மூன்றாவது வழி. மூன்றையும் வைத்துப் பார்த்தாயிற்று. இப்போது எங்கள் எலுமிச்சையும் கொய்யாவும் மூன்றாவது வழியில்தான் நிற்கின்றன.

துளை இல்லாவிட்டால் எந்த வழியும் உதவாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தேங்காய் மட்டைக்குச் செலவும் இல்லை, கனமும் இல்லை. ஆனால் அது மக்கும். மக்க மக்க மேலே உள்ள மண் இறங்கும், செடியும் கூடவே இறங்கும். ஒரு பருவத்தில் முடிகிற கத்தரி, வெண்டைக்குச் சரி. மரவகைகளுக்கு வேண்டாம்.

ஜல்லிதான் பலருடைய நம்பிக்கை. கல்லுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, அதனால் தண்ணீர் சுலபமாக வடியும் என்று தோன்றும். ஆனால் மண்ணின் நுண்ணிய துளைகள் நீரைப் பிடித்துக்கொள்கின்றன. ஜல்லியைத் தொடும் இடத்தில் மண் முழுக்க ஊறி நிறைந்த பிறகுதான் கீழே சொட்டும். நனைந்த ஸ்பாஞ்சைப் படுக்கையாகப் பிடித்து, சொட்டு நின்றதும் செங்குத்தாக நிமிர்த்தினால் இன்னும் கொஞ்சம் நீர் வடியும், இல்லையா? மண்ணும் அப்படித்தான்: உயரம் கூடினால் வடிகால் கூடும். பாதி ட்ரம்மின் உயரம் ஏறத்தாழ 44 செ.மீ. அதில் 3 அங்குலம் ஜல்லிக்குப் போனால் மண்ணின் உயரம் குறைகிறது, ஊறிய பகுதி வேருக்கு அந்த அளவு பக்கத்தில் வந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேர் அழுகுவதற்கு அது போதும். போதாக்குறைக்கு, 58 செ.மீ. அகலத் தொட்டியில் 3 அங்குல ஜல்லி என்றால் சுமார் 30 கிலோ. தளம் தாங்க வேண்டாமா?

இதையெல்லாம் விட என்னை மாற்றியது பராமரிப்பு. பெரிய தொட்டியில் எப்படியும் ஒருநாள் துளை அடைத்துக்கொள்ளும். ஒரே கலவை என்றால் ட்ரம்மைச் சாய்த்து, அடியிலிருந்து கம்பியைவிட்டு இரண்டு குத்து குத்தினால் வழி திறந்துவிடும். ஜல்லி இருந்தால் கம்பி கல்லில் முட்டி நிற்கும். வண்டல் கல்லுக்கு நடுவே கெட்டியாக உட்கார்ந்திருக்கும். மண் மாற்றும்போது இன்னும் மோசம். ஒரே கலவையைக் கொட்டி, வேரைப் பொறுக்கிவிட்டு, உரம் கலந்து மறுபடி நிரப்பிவிடலாம். ஜல்லி வேரோடு பின்னிக் கிடக்கும். சல்லடையில் சலித்து, கழுவி, காயவைத்து... ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும்.

ஒரே கலவை என்பதற்காகத் தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போடக் கூடாது; களிமண்ணில் இந்த வழி எடுபடாது. செம்மண், ஊறவைத்த கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மட்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு, கூடவே கைக்குக் கிடைக்கிற கருக்கிய உமி. அடியில் அரை அங்குலத் துளைகள் ஏழெட்டு, பக்கவாட்டில் தரையை ஒட்டி நான்கு. துளைக்கு மேல் ஷேட் நெட் (நிழல்வலை) துண்டு ஒன்று போதும். கொசுவலையின் கண் சிறியது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ட்ரம்மைச் செங்கல் மேல் ஏற்றி வைத்தால் தளமும் காயும், அடித்துளையும் மூடாது. சிறுவாய் ட்ரம்மின் மேல்பாதியைக் கவிழ்த்துப் பயன்படுத்துபவர்கள் அந்த இரண்டு வாய் மூடிகளையும் கழற்றிவிடுங்கள், வலிக்காமல் கிடைக்கும் துளைகள் அவை.

ஜல்லிக்கும் ஓர் இடம் உண்டு. காற்று வீசியடிக்கும் மொட்டைமாடியில் உயரமான மரம் சாயாமல் இருக்க அடியில் கனம் வேண்டும் என்றால் போடலாம், வடிகாலுக்காக அல்ல. மா, சப்போட்டா போலப் பல ஆண்டுகள் ஒரே தொட்டியில் நிற்பவற்றில் எனக்கு அவ்வளவு அனுபவம் இல்லை. கோகோபீட் மட்கி மண் இறுகும்போது இந்தக் கலவை எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.