வாட்டர்லூ சிங்க மேடு: 226 படி ஏறத்தான் வேண்டுமா?

பெல்ஜியத்தில் பெயரை நம்பி வாட்டர்லூ ரயில் நிலையத்தில் இறங்கினால் வீண் அலைச்சல். 1815இல் நெப்போலியன் தோற்ற போர் நடந்த வயல்வெளி அந்த ஊருக்குத் தெற்கே நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிரஸ்ஸல்ஸிலிருந்து வருபவர்கள் இன்னும் தள்ளிப்போய் பிரேன்-லாலோ நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்கலாம். நடந்தால் அரை மணிக்கு மேல் ஆகும்.

போர்க்களத்தில் மண்ணைக் குவித்து, உச்சியில் சிங்கச் சிலை வைத்த நினைவு மேடுதான் சிங்க மேடு. உயரம் சுமார் 40 மீட்டர். லிஃப்ட் கிடையாது, வளைவு நெளிவு இல்லாமல் ஒரே செங்குத்து ஏற்றம். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் அதே படிக்கட்டுதான். முழங்கால் வலிக்காரர்களை இறக்கம்தான் படுத்தும். மேலே நிழல் இல்லை, காற்றோ தொப்பியைப் பறிக்கும். நெப்போலியன் படை நின்றது தெற்கே என்பதால், அந்தப் பக்கம் பார்க்கையில் நடுப்பகலில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். காலையிலேயே ஏறிவிடுங்கள்.

உச்சியில் இருக்கும் சிங்கம் 28 டன். பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கி வார்த்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்: அன்றைய களப் பீரங்கிகள் வெண்கலம், இது வார்ப்பிரும்பு. பீடத்தில் இருப்பது 1815 ஜூன் 18 என்ற தேதி மட்டும். செத்த சிப்பாய் ஒருவர் பெயர்கூட இல்லை. நெதர்லாந்து அரசர், நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட தன் மகன் தோளில் குண்டடி பட்ட இடத்தைக் குறிக்க எழுப்பியது அல்லவா!

பெரிய குறை வேறு. 1826இல் முடிந்த இந்த மேட்டுக்கு மண் எடுத்ததே, நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் அணிவகுத்த இயற்கையான மேட்டு முகட்டில்தான். முகட்டின் பின்சரிவில் படையை மறைத்து நிறுத்தியதுதான் அவருடைய வித்தை. அந்த முகட்டையே சுரண்டிவிட்டதால், மேலிருந்து பார்த்தால் 'இந்தத் தட்டை வயலில் எங்கே ஒளிந்தார்கள்?' என்றுதான் தோன்றும்.

அதனால் படியேறும் முன் பக்கத்திலுள்ள வட்டக் கட்டடத்துக்குள் போங்கள். 1912இல் லூயி டுமுலான் தீட்டிய, 110 மீட்டர் சுற்றளவுள்ள ஓவியம் அங்கே இருக்கிறது. பிரெஞ்சுக் குதிரைப்படையின் பாய்ச்சலை அதில் பார்த்துவிட்டு ஏறினால் களம் பிடிபடும்.

சிப்பாய்களை நினைக்க வந்தவர்களுக்கு, போரில் வெலிங்டன் படை காத்து நின்ற ஊகுமோன் பண்ணைதான் சரியான இடம். சுமார் இருபது நிமிட நடை. பிரிட்டிஷ் காவல் படையினர் முட்டுக்கொடுத்து மூடிய வடக்கு வாசலும், சுட்டுத் தள்ளுவதற்காகச் சுவரில் குடைந்த ஓட்டைகளும் அங்கே இருக்கின்றன. தெற்கு வாசலுக்கு வெளியே, அன்றைக்கே நின்றிருந்த செஸ்ட்நட் மரம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது.